கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கலாமா?

2017ஆம் ஆண்டு மே மாதம். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் சரக்குக் கிடங்கில் சுங்கத்துறை அதிகாரிகள் சில பெட்டிகளைத் திறந்து பார்த்தனர். ஆப்பிரிக்காவுக்கு அருகிலுள்ள மடகாஸ்கர் தீவிலிருந்து விமானத்தில் வந்த பெட்டிகள் அவை. உள்ளே இருப்பவை கற்கள் என்று குறிப்பிடப்பட்டிருந்தது. ஆனால், பெட்டிகளுக்குள் இருந்தவை கற்கள் அல்ல, 330 ஆமைகள்! அவற்றின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 1.2 மில்லியன் ரிங்கிட்.

அந்த 330 ஆமைகளில் ஐந்து மட்டும் தனிக் கவனம் பெற்றன. அவை ‘அங்கோனோக்கா’ என்னும் இனத்தைச் சேர்ந்தவை. உலகின் மிக அரிய ஆமைகளுள் இதுவும் ஒன்று. தங்க நிறம் கலந்த பழுப்பு ஓடு, கவிழ்த்து வைத்த கிண்ணம் போல உயர்ந்து வளைந்திருக்கும். கழுத்துக்குக் கீழே, கலப்பையின் கொழுமுனையைப் போன்ற ஒரு நீட்சி உண்டு. ஆண் ஆமைகள் ஒன்றையொன்று புரட்டிப் போட்டுச் சண்டையிடும்போது இந்த நீட்சியையே ஆயுதமாகப் பயன்படுத்துகின்றன. இதனால் தமிழில் இதனைக் ‘கொழுமுனை ஆமை’ என்று அழைக்கலாம்.

யாருக்கும் தீங்கு செய்யாமல் புதர்களுக்கிடையே மெதுவாக ஊர்ந்து திரியும் இந்த ஆமை, கடல் கடந்து ஏன் பெட்டிக்குள் அடைக்கப்பட வேண்டும்? அதை இரகசியமாகப் பிடித்தவர் ஒருவர். பொய்யான ஆவணம் எழுதியவர் இன்னொருவர். விமானம் ஏற்றிவிட்டவர் வேறொருவர். ஆனால், இந்தச் சங்கிலியின் கடைசியில் நிற்பவர், அதை வாங்கித் தம் வீட்டில் வைத்து அழகு பார்க்க விரும்பும் ஒருவர். அவர் பணம் கொடுக்கத் தயாராக இல்லையென்றால் சங்கிலியின் மற்றக் கண்ணிகள் எவையும் அசைந்திருக்கமாட்டா. அரிய ஊர்வனவற்றைச் செல்லப் பிராணிகளாக விலை கொடுத்து வாங்குவது சரியா என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

கொழுமுனை ஆமைக்கு உலகில் ஒரே ஓர் இயற்கை வாழிடம்தான் உண்டு. மடகாஸ்கரின் வடமேற்கில் பாலி விரிகுடாவைச் சுற்றியுள்ள மூங்கில் புதர்க்காடே அது. அந்த இடத்தைக் காக்க 1997ஆம் ஆண்டில் அங்கே ஒரு தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. இந்த ஆமை மிக மெதுவாகவே வளர்கிறது. முட்டையிடும் பருவத்தை எட்ட ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். ஒரு முறைக்கு இடும் முட்டைகளோ சிலவே. எனவே, முதிர்ந்த பெண் ஆமை ஒன்றைக் காட்டிலிருந்து எடுத்துச் சென்றால், அதன் இடத்தை நிரப்ப இன்னொரு தலைமுறைக் காலம் காத்திருக்க வேண்டும்.

இந்த இனம் அழிந்துவிடக்கூடாது என்பதற்காக 1986ஆம் ஆண்டில் மடகாஸ்கரில் ஓர் இனப்பெருக்கத் திட்டம் தொடங்கப்பட்டது. காட்டுத்தீயும் வேட்டையும் இல்லாத பாதுகாப்பான இடத்தில் குட்டிகளை வளர்த்து, ஓரளவு பெரியவையானதும் காட்டில் விடுவதே அதன் நோக்கம். பத்தாண்டு உழைப்பு மெல்லப் பலன் தரத் தொடங்கியது. ஆனால், 1996ஆம் ஆண்டில் திருடர்கள் அந்த நிலையத்துக்குள்ளேயே புகுந்து எழுபதுக்கும் மேற்பட்ட ஆமைகளைக் கொண்டு சென்றுவிட்டனர். அவற்றுள் பெரும்பாலானவை குட்டிகள்.

2013ஆம் ஆண்டு மார்ச் மாதம் பேங்காக் விமான நிலையத்தில் நடந்தது இன்னும் அதிர்ச்சியானது. ஒரே ஒரு பயணப் பையில் 54 கொழுமுனை ஆமைகள் அடைக்கப்பட்டிருந்தன. காட்டில் எஞ்சியிருந்தவையே சில நூறுதான் என்று அப்போது மதிப்பிடப்பட்டிருந்தது. அந்தக் கணக்கின்படி பார்த்தால், அந்த இனத்தின் பத்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை அந்த ஒரு பைக்குள் இருந்தன!

பொதுவாக, ஒரு பொருள் கிடைப்பது அரிதானால் அதை நாடுவோரும் குறைவர். ஒரு வகை மீன் கடலில் குறைந்துவிட்டால், அதைத் தேடி அலையும் செலவு கட்டுப்படியாகாது. மீனவர் வேறு மீனைப் பிடிக்கப் போய்விடுவார். வாடிக்கையாளரும் வேறு மீனை வாங்கிக்கொள்வார். அந்த இடைவெளியில் குறைந்துபோன மீன் மறுபடியும் பெருகலாம். ஆனால், அரிய விலங்குகளைச் சேகரிப்பவரின் மனம் அப்படி இயங்குவதில்லை. “மற்றவரிடம் இல்லாதது என்னிடம் இருக்கிறது” என்ற பெருமைக்காகவே அவர் பணம் கொடுக்கிறார். எனவே, விலங்கு குறையக் குறைய அதன்மீது அவருக்கு ஆசை கூடுகிறது. ஆசை கூடக் கூட விலை ஏறுகிறது. விலை ஏற ஏற, காட்டில் எஞ்சியிருப்பதையும் தேடிப் பிடிக்க ஆள்கள் துணிகின்றனர். இவ்வாறு, கடைசி ஆமைதான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்த ஆமையாக இருக்கும். அரியது என்பது ஓர் எச்சரிக்கை. அதை விளம்பரமாக மாற்றிவிடுவதுதான் இந்த வணிகத்தின் கொடுமை.

இது எங்கோ தொலைவில் நடக்கும் கதை என்று எண்ணிவிட முடியாது. போர்னியோ தீவில் ‘காதில்லா உடும்பு’ என்னும் பல்லியினம் ஒன்று வாழ்கிறது. சரவாக்கிலும் இந்தோனேசியாவின் கலிமந்தானிலும் சிற்றோடைக் கரைகளில் ஒளிந்து வாழும் இரவு விலங்கு இது. இதற்கு வெளிக்காது கிடையாது. 19ஆம் நூற்றாண்டிலேயே அறிவியலாளர் இதற்குப் பெயரிட்டுவிட்டனர். எனினும், நூறாண்டுக்கும் மேலாக இது மனிதர் கண்ணில் மிக அரிதாகவே பட்டது. 2012ஆம் ஆண்டில், மேற்குக் கலிமந்தானில் இது வாழ்வதை ஆய்வாளர்கள் கண்டறிந்து கட்டுரையாக வெளியிட்டனர். அடுத்த சில ஆண்டுகளிலேயே இந்த உடும்பு வெளிநாட்டுச் செல்லப் பிராணிச் சந்தைகளில் விற்பனைக்கு வந்துவிட்டது. மலேசியா, இந்தோனேசியா, புருணை ஆகிய மூன்று நாடுகளும் இதை நெடுங்காலமாகவே சட்டத்தால் பாதுகாத்து வந்தும் இந்நிலை ஏற்பட்டது. பாதுகாப்பதற்காகத் திரட்டிய அறிவே பிடிப்பவருக்கு வழிகாட்டியாகிவிடும் ஆபத்தை எண்ணி, அறிவியலாளர் பலர் இப்போது அரிய உயிரினங்களின் சரியான இருப்பிடத்தை வெளியிடத் தயங்குகின்றனர்.

தமிழ்நாடு, ஆந்திரா, இலங்கை ஆகிய இடங்களின் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமைக்கும் இதே நிலைதான். கறுப்பு ஓட்டின் மேல் மஞ்சள் கோடுகள் நட்சத்திரங்களைப் போல விரிந்திருக்கும் அழகே அதற்குப் பகையாயிற்று. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைப் பிடிப்பதையும் விற்பதையும் தடை செய்கிறது. இருந்தும், கைப்பைகளிலும் பெட்டிகளிலும் மறைத்து, அசையாமலிருக்கக் கால்களை ஒட்டுநாடாவால் சுற்றி, தென்கிழக்காசிய நாடுகளுக்கு இதைக் கடத்துகின்றனர். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டிஸ்’ என்னும் அனைத்துலக உடன்பாடு, 2019ஆம் ஆண்டில் நட்சத்திர ஆமையைத் தன் மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. கொழுமுனை ஆமையும் அதே பட்டியலில்தான் உள்ளது.

இத்தனைக்குப் பிறகும், வாங்குபவர் தம் செயலுக்குச் சில நியாயங்களைச் சொல்வதுண்டு. அவற்றை ஒதுக்கித் தள்ளிவிடாமல் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதே முறை.

“எனக்கு ஊர்வன என்றால் உயிர். நான் அதை அன்போடு வளர்ப்பேன்” என்பது முதல் நியாயம். அந்த அன்பு உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால், அன்பு மட்டும் ஓர் ஆமையை வாழ வைத்துவிடாது. ஊர்வன தம் உடல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்தே பெறுகின்றன. வெயில், நிழல், ஈரம், உணவு ஆகிய எல்லாம் அவற்றின் பிறந்த இடத்தைப் போலவே அமைய வேண்டும். சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் கிடைக்காவிட்டால் அவற்றின் எலும்பும் ஓடும் வலுவிழந்து உருமாறும். வறண்ட புதர்க்காட்டுக்குப் பழகிய நட்சத்திர ஆமையைப் புழுக்கமும் ஈரமும் மிகுந்த அடுக்குமாடி வீட்டில் வைத்தால், மூச்சுத் தொல்லைக்கு ஆளாகலாம். நாய் நோயுற்றால் முனகும், உண்ண மறுக்கும், வளர்ப்பவருக்குப் பெரும்பாலும் விரைவில் தெரிந்துவிடும். ஆமையோ ஓசையின்றித் துன்பத்தைத் தாங்கும். வெளியில் அறிகுறி தெரியும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். மேலும், ஆமைகள் பல பத்தாண்டுகள் வாழக்கூடியவை. பள்ளிப் பருவத்தில் வாங்கிய ஆமையை, முதுமைவரை பராமரிக்க எத்தனை பேர் தயாராக இருக்கிறார்கள்?

“காட்டில் விட்டால் வேறு எவராவது பிடித்துவிடுவார்; என் வீட்டில் அது பாதுகாப்பாக இருக்கும்” என்பது இரண்டாவது நியாயம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், காக்கப்பட வேண்டியது ஓர் ஆமை மட்டுமன்று, அதன் இனமும்தான். கண்ணாடித் தொட்டியில் தனியே வாழும் ஆமைக்குத் துணை இல்லை, குட்டிகள் இல்லை. அது உயிரோடு இருந்தாலும், இனத்தின் கணக்கில் அது இழக்கப்பட்ட ஒன்றே. மடகாஸ்கரின் இனப்பெருக்க நிலையம் செய்வது வேறு. அங்கே ஒவ்வோர் ஆமைக்கும் பதிவு உண்டு, இணை உண்டு, ஒரு நாள் காட்டுக்குத் திரும்பும் வாய்ப்பும் உண்டு.

“இது காட்டில் பிடித்ததில்லை, பண்ணையில் பிறந்தது” என்பது மூன்றாவது நியாயம். மூன்றிலும் இதுவே வலுவானது. சட்டப்படி இயங்கும் பண்ணைகள் உலகில் உள்ளன என்பதையும், அங்கு பிறக்கும் சில வகை ஊர்வனவற்றை வாங்குவதால் காட்டுக்கு இழப்பில்லை என்பதையும் மறுக்க முடியாது. ஆனால், அரிய இனங்களைப் பற்றிப் பேசும்போது ஒரு கேள்வி கட்டாயம் எழ வேண்டும்: இதன் தாயும் தந்தையும் எங்கிருந்து வந்தன? காதில்லா உடும்பை அந்த மூன்று நாடுகளும் பாதுகாத்து வந்த காலத்தில், வெளிநாட்டு விற்பனையாளரிடம் அதன் இணைகள் எவ்வாறு போய்ச் சேர்ந்தன? திருடிய விதையிலிருந்து விளைந்த நெல்லை, “என் வயலில் விளைந்தது” என்று சொல்வது போன்றதுதான் இது.

“நான் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்கப் போகிறார்” என்பது கடைசி நியாயம். சிலர் இரக்கப்பட்டு, வாடிக் கிடக்கும் ஆமையை மீட்பதாக எண்ணியும் வாங்குகின்றனர். ஆனால், விற்பவருக்கு வாங்குபவரின் மனம் தெரியாது; பணம் மட்டுமே தெரியும். ஓர் ஆமை விற்றுப்போன இடத்தில் அடுத்த ஆமை வந்து அமரும். உண்மையிலேயே மீட்க வேண்டுமானால், காசு கொடுப்பதைவிட அதிகாரிகளுக்குத் தகவல் கொடுப்பதே பயன் தரும்.

மீட்கப்பட்ட விலங்கைப் பிறந்த இடத்திற்கு அனுப்பி வைப்பதும் எளிதன்று. 2018ஆம் ஆண்டு நவம்பரில், சிங்கப்பூருக்குக் கடத்தி வரப்பட்டு மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் விமானம் மூலம் பெங்களூருக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. இரு நாடுகளின் அதிகாரிகளும் விலங்குநல அமைப்புகளும் ஒன்றுசேர்ந்து உழைத்தபின்னரே அது கைகூடியது. அத்தகைய ஆமைகளை நேரே காட்டில் விட்டுவிடவும் முடியாது. அவை நோயைச் சுமந்து வந்திருக்கலாம். எந்தக் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவை என்பதும் தெரியாமல் போகலாம். ஒருவர் சில நிமிடங்களில் வாங்கிவிடும் விலங்கை வீடு திரும்பச் செய்வதற்குப் பலர் நெடுநாள் பாடுபட வேண்டியிருக்கிறது.

இதனால்தான் சட்டங்களும் கடுமையாகியுள்ளன. சிங்கப்பூரில் செங்காது ஆமை, மலாயாப் பெட்டி ஆமை ஆகிய இரண்டு வகை ஊர்வனவற்றை மட்டுமே செல்லப் பிராணியாக வளர்க்கலாம். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, கடுங்குற்றங்களுக்கு ஒரு மில்லியன் ரிங்கிட் வரையிலான அபராதமும் 15 ஆண்டு வரையிலான சிறையும் விதிக்க வழி செய்யப்பட்டது. ஆயினும், சட்டம் எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்க்க முடியாது. சமூக ஊடகத்தில் ஒரு படத்தைக் கண்டு, “இதன் விலை என்ன?” என்று கேட்கும் விரல் தயங்கி நின்றால், அதுவே முதல் காவல்.

கொழுமுனை ஆமைகளைக் காப்பவர்கள் இப்போது ஒரு விசித்திரமான வேலையைச் செய்கிறார்கள். அந்தப் பொன்னிற ஓட்டில் எழுத்துகளையும் எண்களையும் நன்றாகத் தெரியும்படி செதுக்கிவிடுகிறார்கள். சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்திலும் 2013ஆம் ஆண்டில் இரண்டு ஆமைகளுக்கு இவ்வாறு குறியிடப்பட்டது. அந்த அடையாளம் இருந்தால், ஆமை எங்கிருந்து திருடப்பட்டது என்பது தெரிந்துவிடும். அதைவிட முக்கியமாக, வடுப்பட்ட ஓடுடைய ஆமையைச் சேகரிப்பவர் விரும்பமாட்டார். சந்தையில் அதன் விலை விழுந்துவிடும். ஆமையை நேசிப்பவர்கள் அதன் அழகைக் கெடுத்தாவது அதை வாழ வைக்க முயல்கிறார்கள். ஆமையை விலைக்குக் கேட்பவரோ, அதன் இனம் அழிந்தாலும் அழகு குறையக் கூடாது என்கிறார். இந்த இருவரில் யாருடைய அன்பு உண்மையானது?

ஊர்வனவற்றின் மீது ஆர்வம் கொள்வது தவறன்று. அந்த ஆர்வத்தை வளர்க்க எத்தனையோ வழிகள் உள்ளன. சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்பு நிலத்திலும், மலேசிய நகரங்களின் ஆற்றோரங்களிலும் பெரிய நீர் உடும்புகள் வெயில் காய்வதை எவரும் காணலாம். சற்றுத் தள்ளி நின்று, அது நாக்கை நீட்டிக் காற்றை மோப்பம் பிடிப்பதையும், வாலை வீசி நீரில் நீந்திச் செல்வதையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதற்கு ஒரு காசும் செலவில்லை. பார்த்து முடித்ததும் அது தன் வழியே போகும். பார்த்தவர் தம் வழியே போகலாம். அடுத்து வருபவருக்கும் அந்தக் காட்சி மிச்சமிருக்கும்.

“கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதா?” என்று நம் முன்னோர் கேட்டனர். கண்ணே போனபின் சித்திரத்தால் என்ன பயன்? காட்டைக் காலியாக்கி வீட்டை அலங்கரிப்பதும் அப்படிப்பட்டதுதான். கோலாலம்பூரில் பிடிபட்ட பெட்டிகளைப் பற்றிக் ‘கற்கள்’ என்று எழுதியவர் பொய் எழுதினார். அந்த ஆமைகள் கற்கள் அல்ல; உயிர்கள். விலை கேட்பதற்கு முன்பே அதை உணர்ந்துகொள்பவரே உயிர்களை உண்மையாக நேசிப்பவர்.

சிந்தித்து விடை கூறுக

1. மீன் குறைந்தால் அதைத் தேடுவோர் குறைகின்றனர். அரிய ஆமை குறைந்தால் தேடுவோர் கூடுகின்றனர். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன?

2. அரிய ஊர்வனவற்றை வாங்குவோர் கூறும் நான்கு நியாயங்களுள் எது வலுவானது என்று நீ கருதுகிறாய்? அதற்குக் கட்டுரை தரும் மறுப்பை ஏற்றுக்கொள்கிறாயா?

3. ஆமையின் ஓட்டில் எண்களைச் செதுக்குவது ஆமைக்குச் செய்யும் நன்மையா, தீமையா? குழுவில் கலந்துரையாடி உங்கள் கருத்தைக் காரணத்துடன் வகுப்பில் முன்வையுங்கள்.

4. உன் நண்பன் இணையத்தில் ஒரு நட்சத்திர ஆமையை வாங்க எண்ணியுள்ளான். அவனைத் தடுக்கும் வகையில் ஒரு மின்னஞ்சல் எழுதுக.